முதலாளி இல்லாத நாளிலும் ஓடட்டும்

சிறுதொழில் முதலாளியின் உழைப்பில்தான் எழுந்து நிற்கிறது. ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அதன் வளர்ச்சிக்கு அவரே தடையாகிவிடுகிறார். விலை சொல்வது முதல் பழுதான சரக்கைத் திருப்பி எடுப்பது வரை எல்லாவற்றுக்கும் அவர் வாயையே பார்த்திருக்கும் பட்டறையில், தவறு அவர் காதுக்கு எட்டும்வரை திருத்தப்படுவதில்லை. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறி, பாவு இழை அறுந்தால் தானே நின்றுவிடும். அதே கொள்கை பின்னர் டொயோட்டா கார் ஆலைக்கும் வந்தது: கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். கோளாறு யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவருக்கே முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்பதே அதன் சாரம்.

பெரிய நிறுவனத்துக்கு அது சரி, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு தவறான முடிவு மாத லாபத்தையே விழுங்கிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். அதனால்தான் அதிகாரத்துக்கு எல்லை வகுக்க வேண்டும்: இத்தனை ரூபாய் வரை மேஸ்திரியே தீர்மானிக்கலாம், அதற்கு மேல் கேட்டுச் செய்ய வேண்டும். பழக்கிவிட்ட ஆள் போட்டியாளரிடம் போய்விடுவான் என்பது அடுத்த கவலை. சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் யாரையும் பழக்காத முதலாளி காய்ச்சலில் படுத்தால் பட்டறையே படுத்துவிடும். இரண்டில் பெரிய நட்டம் அதுதான். உங்கள் கையிலிருக்கும் முடிவுகளில் ஒன்றையாவது இந்த மாதமே தகுதியான ஒருவரிடம் ஒப்படையுங்கள். தலைமைப் பண்பு அங்கிருந்துதான் வளரத் தொடங்குகிறது.