பனிக்கால முகாமும் பன்னிரண்டு வயதும்

 

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஐக்கிய அமெரிக்காவின் குளிர் மாநிலங்களுக்குச் சென்றால், வெள்ளிக்கிழமை மாலைகளில் தேவாலயங்களின் வாகனத் தரிப்பிடங்களில் ஒரே மாதிரியான காட்சியைக் காணலாம். பஸ் வண்டி ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றுகொண்டிருக்கும். பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் சுருட்டிய உறக்கப் பையையும் தலையணையையும் கட்டிப்பிடித்தவாறு நிற்பார்கள். ஒருவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து அடையாளமிடுவார். இன்னொருவர் பிள்ளைகளின் மருந்துகளை வாங்கிப் பெயரெழுதிய பைகளில் போடுவார். கைத்தொலைபேசிகளைச் சேகரிப்பதற்கு ஒரு கூடை இருக்கும். தாய்மார் சிலர் கண்ணைத் துடைப்பார்கள். பிள்ளைகளோ அதைக் காணாதது போல் இருப்பார்கள்.

இதைத்தான் அங்கே குளிர்கால ‘ரிட்ரீட்’ என்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் இதனைத் ‘தியானம்’ என்றும், பழைய வழக்கில் ‘ஞான ஒடுக்கம்’ என்றும் சொல்வார்கள். எத்தனை பொருத்தமான சொல் பாருங்கள்! உலகத்தின் சந்தடியிலிருந்து மனிதன் ஒடுங்கிக்கொள்வது. இஃதிகாப் இருந்து பழகியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1522ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் மன்ரேசா என்ற ஊரில் குகையொன்றில் தனித்திருந்த இக்னேஷியஸ் லொயோலா என்பவர் வகுத்த முறை 1548இல் நூலாக அச்சாயிற்று. முப்பது நாட்கள் மௌனமாக இருந்து செய்யும் பயிற்சி அது.

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு நடத்தப்படுவதில் மௌனமும் குறைவு, ஒடுக்கமும் குறைவு. அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1801இல் கென்டக்கி மாநிலத்தின் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடாரமடித்துத் தங்கிப் பல நாட்கள் பிரசங்கம் கேட்டார்கள், அழுதார்கள், விழுந்தார்கள். அந்தக் கூடார மரபு ஒரு பக்கம். மறுபக்கம், 1861இல் கொன்னெக்டிகட் மாநிலத்துப் பாடசாலை ஆசிரியர் பிரெடரிக் கன் தம் மாணவர்களைக் காட்டுப்புறம் அழைத்துச் சென்று தங்க வைத்ததிலிருந்து வளர்ந்த பிள்ளைகள் முகாம் மரபு. 1880இல் ஜோர்ஜ் ஹிங்க்லி என்ற போதகர் ரோட் ஐலண்டில் தம் சபைப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தினார். இந்த இரண்டும் கலந்ததுதான் இன்றைய ரிட்ரீட்: பகலில் கன்னின் முகாம், இரவில் கேன் ரிட்ஜ்.

பெரியவர்களையும் இந்த மலைமுகாம்கள் மாற்றியிருக்கின்றன. கலிபோர்னியாவில் ஹென்றியெட்டா மியர்ஸ் என்ற பெண்மணி 1938இல் தொடங்கிய ‘பொரஸ்ட் ஹோம்’ முகாமில்தான், 1949இல் நம்பிக்கையில் தடுமாறி நின்ற இளம் போதகர் பில்லி கிரகம் ஓர் இரவு காட்டுக்குள் சென்று தனியே பிரார்த்தித்து மனம் தெளிந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதன் பின் அதே ஆண்டு அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் நடத்திய கூட்டங்களே அவரை நாடறியச் செய்தன. முப்பது வயதுக்காரருக்கு ஓர் இரவு அப்படிச் செய்யுமென்றால், பன்னிரண்டு வயதுக்கு என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

ஏன் இந்த மாதங்கள் என்றால், காரணம் எளிது. ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் தினம், பெப்ரவரியின் மூன்றாவது திங்கட்கிழமை ஜனாதிபதிகள் தினம். இரண்டும் பாடசாலை விடுமுறை. ஞாயிறு பகல் வீடு திரும்பும் பிள்ளைக்குத் தூங்கி எழ ஒரு திங்கள் மிஞ்சும்.

ஏன் இந்த வயது என்பதுதான் பெரிய கேள்வி. அங்கே ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளை நடுநிலைப் பாடசாலை என்று தனியே பிரித்திருக்கிறார்கள். குரல் உடையும் காலம், உடல் மாறும் காலம், உம்மாவின் பேச்சை விடக் கூட்டாளியின் பேச்சு பெரிதாகும் காலம். யூதர்களின் ஆண்பிள்ளை பதின்மூன்று வயதில் கட்டளைகளுக்குப் பொறுப்பாகிறான். லூத்தரன் சபையார் ஏறக்குறைய பதினான்கு வயதில் பிள்ளைகளைத் திடப்படுத்துகிறார்கள். நமது மார்க்கத்தில் பாலிகாகும் பருவமும் இதனை ஒட்டியே வருகிறது. மூன்று சமூகத்தாரும் ஒரே வாசலில்தான் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் அந்நாட்டிலிருந்து நம் சகோதரி ஒருவர் எழுதிய கடிதமே இம்மாதம் இதைப் பற்றி எழுதத் தூண்டியது. ஊர், பெயர் வேண்டாம். அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் அவனோடு மிகவும் நெருக்கமான பையன், தன் சபையாரின் ரிட்ரீட்டுக்கு அவனையும் அழைத்திருக்கிறான். “பனியில் விளையாடத்தானே, போய் வரட்டும்” என்பது வாப்பாவின் பேச்சு. உம்மாவுக்குத் தூக்கமில்லை. நல்ல வேளையாக அவர் நிகழ்ச்சி நிரலையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தார். பேனையை எடுத்து மணித்தியாலங்களைக் கூட்டிப் பார்த்தேன்.

சனி பிற்பகல் விளையாட்டு மூன்று மணித்தியாலம். காற்றடைத்த வளையத்தில் ஏறிப் பனிச்சரிவில் வழுக்கி வருவது, உறைந்த ஏரியின் மேல் துடைப்பம் போன்ற மட்டையால் பந்தடிப்பது, பிறகு சூடான சொக்கலேட் பானம். பிள்ளைகளுக்குச் சொர்க்கம்தான். ஆனால் வெள்ளி இரவு ஒன்று, சனிக்கிழமை காலையும் இரவும் இரண்டு, ஞாயிறு காலை ஒன்று என நான்கு பிரசங்கக் கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இசைக்குழுவோடு பாடல். பின்னால் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வட்டமாக இருந்து பேசுதல். அதிகாலையில் தனியே வேதம் வாசிக்க அரை மணித்தியாலம். விளையாட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போதனைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இதில் அச்சபையார் மீது நான் குற்றம் காணவில்லை. அவர்கள் எதையும் மறைக்கவில்லை, அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். தம் பிள்ளைகளுக்குத் தம் நம்பிக்கையை ஊட்ட இவ்வளவு பாடுபடுவோரை மதிக்கத்தான் வேண்டும். எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கைக் கண்டபோது, அறுபது பிள்ளைகளையும் ஒற்றை மௌலவியையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி நீர்வீழ்ச்சிக்கு அனுப்பும் நமது அஹதிய்யா சுற்றுலாக்கள் நினைவுக்கு வந்தன. அதை இன்னொரு மாதம் பேசுவோம்.

விடயம் சனிக்கிழமை இரவில்தான் இருக்கிறது. சுவிசேஷ சபைகள் பலவற்றில் அதுதான் முகாமின் உச்சம். விளக்குகள் மங்கும். இசை மெதுவாகும். போதகர், இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புவோர் எழுந்து நில்லுங்கள், அல்லது முன்னால் வாருங்கள் என்பார். கத்தோலிக்கர் நடத்தும் ரிட்ரீட்டில் அந்த நேரத்தில் நற்கருணை ஆராதனையும் பாவசங்கீர்த்தனமும் இருக்கும். ஒரு பிள்ளை அழத் தொடங்கினால் பத்துப் பிள்ளைகள் அழும். அந்நாட்டு இளைஞர் ஊழியர்களே இதனை ‘அழுகை இரவு’ என்று பாதி கேலியாகச் சொல்வதுண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் சொல்கிறது. முதல் நாள் இரவு புதிய கட்டிலில் கிசுகிசுத்துக்கொண்டு கிடந்த பிள்ளைக்கு அதில் பாதியாவது கிடைத்திருக்குமா? களைத்த உடம்பு, வீட்டு நினைவு, பக்கத்தில் அழும் கூட்டாளி. அந்த நேரத்தில் வரும் கண்ணீர் எவ்வளவு உள்ளத்திலிருந்து வருகிறது, எவ்வளவு உறக்கக் குறைவால் வருகிறது என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. மலையுச்சியில் எடுத்த முடிவு பள்ளத்தாக்குக்கு இறங்கியதும் என்னவாகிறது என்று அங்குள்ள போதகர்களில் நிதானமானோர் தாமே கவலைப்படுகிறார்கள். சபைப் பிள்ளைக்காவது ஞாயிறு பகல் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, அங்கே அதே பேச்சைப் பேசும் பெற்றோர் இருக்கிறார்கள்.

நமது சகோதரியின் மகனுக்கு? சுற்றியுள்ள அனைவரும் எழுந்து நிற்கும்போது அவன் எழுந்தால், தன்னை அறியாமலே பெரிய வார்த்தையொன்றைச் சொன்னவனாகிறான். எழாவிட்டால், அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரே பிள்ளை அவன். இரண்டும் பன்னிரண்டு வயதுத் தோளுக்குக் கனம். ஆகவே அனுப்ப வேண்டாம் என்றே எழுதினேன். வாப்பாவின் பேச்சிலும் நியாயம் இல்லாமலில்லை. அந்நிய ஊரில் ஒரு நல்ல கூட்டாளி கிடைப்பது சின்ன விடயமல்ல. அதனால்தான் ‘வேண்டாம்’ என்பதை எப்படிச் சொல்வது என்பதற்குக் கடிதத்தில் அதிக இடம் பிடித்தது.

பெற்றோர்களே, உங்களில் பலரின் பிள்ளைகளும் சகோதரர்களும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். இந்த அழைப்பு நாளை அவர்கள் வாசலுக்கும் வரலாம். அவர்களுக்கு எழுதும்போது இதனைச் சொல்லுங்கள்: காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பிள்ளையை நிறுத்த வேண்டாம். அந்தப் பொய்யைப் பாடசாலையில் சுமக்கப் போவது பிள்ளைதான். கிறிஸ்தவர்கள் பொல்லாதவர்கள் என்று பயமுறுத்தவும் வேண்டாம். நிகழ்ச்சி நிரலைப் பிள்ளையின் முன் விரித்து, இது அவர்களுடைய வணக்கத்துக்கான பயணம், நாம் அதில் விருந்தாளியாகக்கூட நிற்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது என்று விளக்குங்கள். பன்னிரண்டு வயதுக்குப் புரியும். மற்றத் தாய்க்கும் அதே காரணத்தை நேரே சொல்லி, அழைத்ததற்கு நன்றியும் சொல்லலாம். மார்க்கப் பற்றுள்ள தாய்க்கு இன்னொரு தாயின் மார்க்கப் பற்று விளங்காமல் போகாது.

பனியும் முகாமும் வேண்டுமென்று பிள்ளை ஏங்கினால், 1985இல் தொடங்கப்பட்ட வட அமெரிக்க முஸ்லிம் இளைஞர் அமைப்பு விடுமுறை நாட்களில் முகாம்கள் நடத்தி வருகிறது. எந்த முகாமாயினும், நம்முடையதாயினும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்க அனுமதியில்லை என்ற விதி இருக்கிறதா என்று கேட்டுத்தான் அனுப்ப வேண்டும். 2002இல் பொஸ்டன் நகரக் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கொடுமைகள் வெளிவந்து, அவ்வாண்டு ஜூனில் அமெரிக்க ஆயர்கள் பிள்ளைகளின் பாதுகாப்புக்குச் சாசனம் இயற்ற வேண்டி வந்தது. 2022இல் தென் பப்டிஸ்ட் சபையினரைப் பற்றிய அறிக்கையும் அதே வேதனையைத்தான் சொல்லிற்று. தொப்பியும் தாடியும் நமக்கு இதிலிருந்து விலக்களிக்காது.

அச்சகோதரிக்குக் கடைசியாக எழுதியது இதுதான். மகனின் கூட்டாளி ஞாயிறு பகல் திரும்பிவிடுவான். திங்கள் பாடசாலை இல்லை. அன்று அவனையும் தாயையும் பகல் சாப்பாட்டுக்கு அழையுங்கள்; பிறகு பிள்ளைகள் இருவரும் வீட்டு முற்றத்துப் பனியில் விளையாடட்டும். ஆனால் காலையிலேயே அழைக்க வேண்டாம், அந்தப் பிள்ளை இரண்டு இரவுத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.

வஸ்ஸலாம்.