வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 5.50 ஆகக் குறைத்தது. அது முதல் நம் கடைக்காரர்களுக்கு வங்கிகளிலிருந்து ஓயாத தொலைபேசி. "வீட்டுக் கடனை எங்களிடம் மாற்றுங்கள், தவணை குறையும்" என்கிறார்கள். கோலியனூர் கூட்டுரோட்டில் நாலு வியாபாரிகள் கூடினால் இதே பேச்சுதான். நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். மாற்றலாம், ஆனால் தவணை குறைகிறது என்பதற்காக மட்டும் மாற்றக் கூடாது.

சென்னையில் மூட்டைக்கு ஐம்பது ரூபாய் மலிவு என்றதும் நாம் லாரியை அனுப்பி விடுவதில்லை. வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து அடக்க விலை போட்ட பிறகே விழுப்புரம் விலையோடு ஒப்பிடுகிறோம். கடனுக்கும் அதே கணக்குதான். புதிய வங்கிக்குப் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் பதிய முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று செலவு உண்டு. பழைய வங்கிக்கு அபராதம் கிடையாது. மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டது.

15 லட்சம் பாக்கி, 15 ஆண்டு மீதம், வட்டி 9.5 என்று வைத்துக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 15,660 ரூபாய். 8.25-க்கு மாறினால் 14,550. மாதம் 1,110 மிச்சம். மாற்றும் செலவு 25,000 ஆனால், அது திரும்பி வர ஏறக்குறைய 23 மாதம். மீதி 13 ஆண்டு லாபம், தாராளமாக மாற்றலாம். அடைக்க மூன்று நான்கு ஆண்டுதான் பாக்கி என்பவருக்கு இந்த அலைச்சல் வேண்டாம்.

ஏமாறும் இடம் ஆண்டுக் கணக்கில்தான் இருக்கிறது. 10 லட்சம் பாக்கி, எட்டே ஆண்டு மீதம், 9.5 வட்டி என்றால் தவணை 14,900 ரூபாய். புதிய வங்கி 8.25-க்கு, ஆனால் 15 ஆண்டுக்குப் போட்டுக் கொடுத்தால் தவணை 9,700 தான். ஐயாயிரம் குறைந்தது என்று மனம் குளிரும். மொத்த வட்டியைக் கூட்டிப் பாருங்கள். பழையதில் 4 லட்சத்து 31 ஆயிரம், புதியதில் 7 லட்சத்து 46 ஆயிரம்! வட்டி குறைந்தும் மூன்று லட்சம் நஷ்டம். அதே எட்டு ஆண்டுக்கே எழுதித் தரச் சொன்னால் 62 ஆயிரம் மிச்சமாகும்.

போவதற்கு முன் சொந்த வங்கி மேலாளரைக் கேளுங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை; மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியாக வேண்டும். அதற்கு முந்தைய கடன் பழைய முறையிலேயே கிடந்தால், சிறு கட்டணத்தில் அங்கேயே மாற்றித் தருவார்கள். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த இணைப்பு விதி இல்லை. அங்கே கடன் வாங்கியவர்கள்தான் முதலில் கணக்குப் போட வேண்டியவர்கள்.

இனி நமக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். மாற்றும்போது, "மேற்கொண்டு ஐந்து லட்சம் டாப்-அப் தருகிறோம்" என்பார்கள். தீபாவளிச் சரக்கு போடும் நேரமானால் கை நீளத்தான் செய்யும். சரக்கு இரண்டு மாதத்தில் விற்றுப் போகும். பாதிப் பணம் வாடிக்கையாளர் நோட்டில் நிற்கும். கடன் மட்டும் பதினைந்து ஆண்டு வீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். தவணை 90 நாள் தவறினால் அது வாராக் கடன். அதன்பின் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்த வங்கிக்கு அதிகாரம் உண்டு. சரக்குக்குப் பணம் வேண்டுமென்றால் கடையைக் காட்டி கேஷ் கிரெடிட் கேட்கட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் கடைக்குப் போட்ட பருப்பு மூட்டைக்கும் என்ன சம்பந்தம்?

மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடன் அடைந்த 30 நாளுக்குள் பழைய வங்கி பத்திரங்களை விடுவிக்க வேண்டும். தன் தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ.5,000 தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதி. அடமான ரத்து ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பழைய வங்கியின் பெயர் நீங்கிவிட்டதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.