குற்றவாளிக் கூண்டில் ஓர் ஊர்

தென் வேல்ஸிலே பிரிட்ஜெண்ட் என்றொரு பட்டினம் உண்டு. 2007ஆம் ஆண்டு தொடங்கிய சிறுகாலத்துள் அப்பட்டினத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இருபதுக்கு மேற்பட்ட இளையோர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். பிள்ளைகளைப் பறிகொடுத்தோரின் துயர் ஆறுமுன்னரே, 2015இல், அவ்வூரின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டு ஒரு திரைப்படம் வெளிவந்தது. அதன் நெறியாளர் டென்மார்க் நாட்டவரான யெப்பே ரோண்டே. பெரும் படநிறுவனங்களைச் சாராத தனிமுயற்சி அது.

பொலிஸ் அதிகாரியான தந்தையோடு அங்கு குடிவரும் சாரா என்னும் பெண்ணே கதைத்தலைவி. தந்தை மரணங்களை விசாரிக்கிறார். மகளோ அவ்வூர் இளைஞர் கூட்டத்தில் ஒருத்தியாகிறாள். சாராவாக நடித்த ஹன்னா மரே அவ்வாண்டு நியூயோர்க் டிரைபெக்கா விழாவிலே சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றார். தகுதியான பரிசே. ஒளிப்பதிவும் அழகு. அந்த அழகுதான் எமது முதல் முறைப்பாடு! காட்டிலே தீமூட்டிக் கூடுகிறார்கள், குளத்திலே நீந்துகிறார்கள், மாண்டவரின் பெயரைக் கூவி அழைக்கிறார்கள். சாவு அங்கே ஒரு சடங்காகிறது. ஏதோ ஓர் இரகசியக் கூட்டமே பிள்ளைகளை இழுத்துச் சென்றது போலும் என்ற எண்ணம் பார்ப்போர் மனத்திற் குடிபுகுகிறது.

இதற்குச் சான்று யாது? 2008இல் பிரித்தானியப் பத்திரிகைகள் சில இதே கதையை எழுதின. இணையத்தின் வழியே பிள்ளைகள் உடன்படிக்கை செய்துகொண்டனர் என்றன. அப்படியொரு தொடர்புக்கு ஆதாரமில்லை என்று பொலிசார் அன்றே கூறிவிட்டனர். ஆதாரமின்றி விழுந்த குற்றச்சாட்டை ஏழாண்டின் பின், எதிர்த்தரப்பின் வாய்மொழி கேளாமலே, திரையில் மீண்டும் விசாரிப்பது எந்த நீதி? கேட்டால் இது கற்பனை என்பர். கற்பனையாயின் உண்மை ஊரின் பெயர் எதற்கு? இறந்தவர் சார்பில் மானநட்ட வழக்கு ஆங்கிலச் சட்டத்தில் நில்லாது. ஓர் ஊரும் வழக்காட முடியாது. தம்மைக் காக்க வழியற்றோர்மீது பழி சுமத்தும்போது கலைஞனுக்குக் கூடுதலான பொறுப்பு உண்டு.

அப்படியாயின் வாய்மூடி இருப்பதா? அன்று. மூடிவைத்ததன் கேட்டை நாம் அறிவோம். உயிர்தப்பியவனைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை இங்கிலாந்து 1961இல் நீக்கியது. எமது தண்டனைச் சட்டக்கோவையில் அது 1998 வரை இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடப்பவன் நீதவானுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. தாயும் தந்தையும் உண்மையை மறைத்தனர்.

பேசலாம், எவ்வாறு பேசுவது என்பதே வினா. வியன்னா நகரிலே சுரங்க ரயிற்பாதைத் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதி வந்தன. 1987இல் அவை ஒரு நெறிமுறைக்கு இணங்கி அடக்கமாக எழுதத் தொடங்கியபின் அங்கு சாவுகள் வெகுவாகக் குறைந்தன. எழுத்துக்கு இருக்கும் இவ்வலிமை திரைக்கு இல்லையென எவர் சொல்வார்?

இது விதியோ மர்மமோ அன்று என்பதற்குச் சான்று தேட வியன்னாவுக்கும் போக வேண்டியதில்லை. 1995இல் எமது நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2008 முதல் 2011 வரையான காலத்திலே பரக்குவாற், டைமெதொயேற், பென்தியோன் ஆகியனவும் நீங்கின. வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. விளைச்சல் அதனாற் குன்றியதாக ஆய்வுகள் காட்டவில்லை. கமக்காரர் இதனைக் குறித்துக்கொள்க. சாகத் துணியும் வேளை பெரும்பாலும் சிறியது. அதனைக் கடந்தவர் பலர் வாழ்ந்திருக்கின்றனர். அவ்வேளையில் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. இதனைப் பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதிவைத்தாலும் தகும்.

ரோண்டேயின் படத்தில் இப்படிக் கேட்பதற்கு ஒருவர்தாமும் இல்லை. பெற்றோர் வெறும் நிழல்கள். அவரோ ஆண்டுக்கணக்காக அவ்வூர் இளையோரோடு பழகியவர். அவர்கள் சொன்னதைக் காதாரக் கேட்டவர். ஊரின் பெயரை அவர் மாற்றியிருந்தால் படத்தில் ஒரு காட்சியேனும் குறைந்திராது.