மோட்டார் ஓட சர்வர் எதற்கு?

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள்: தண்ணீர் மோட்டாருக்குப் புதிய ‘ஸ்மார்ட்’ கன்ட்ரோலர் வாங்குவது. மூன்று விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன. எது குறைவோ அதன்மேல் செயலாளர் ஏற்கெனவே பென்சிலால் டிக் அடித்து வைத்திருக்கிறார். நான் 34 வருடம் சர்க்கார் ஆபீசில் ஒப்பந்தப்புள்ளிகளுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் போட்ட குமாஸ்தா. எல்-1 என்ற அந்த இரண்டு எழுத்தால் நல்ல சாமான் எத்தனை முறை வெளியே போயிற்று, ஓட்டை சாமான் எத்தனை முறை உள்ளே வந்தது என்று பார்த்தவன். கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம்தான் தருவார்கள். அதிலும் மூன்று நிமிடம் கார் பார்க்கிங் சண்டைக்குப் போய்விடும். ஆகவே இங்கே எழுதுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கும் அன்பர்களுக்கும் இது இன்றோ நாளையோ வரப்போகிற விஷயம்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் ஒரு கம்பெனியிடம் (பெயர் வேண்டாம்) ஒரு பெட்டி வாங்கினோம். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, மேல் டேங்க் நிரம்பிவிட்டதா என்று அதுவே பார்த்து மோட்டாரைப் போடும், அணைக்கும். கைப்பேசியில் ஆப் உண்டு. சங்கத் தலைவர் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கிருந்தே மோட்டார் போட்டு, அதைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். எல்லோரும் கைதட்டல் பொம்மை போட்டோம். நானும் போட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதே அந்தப் பெட்டி முரண்டு பிடித்தது. ஊரே தண்ணீரில் நிற்கும்போது இது ஒரு குறையா என்று விட்டுவிட்டோம். மறு வருடம் மே மாதம், காலை ஐந்து மணிக்கு வாட்ச்மேன் என் கதவைத் தட்டினார். “சார், மோட்டார் எடுக்கல.” சம்ப் நிறையத் தண்ணீர். மேலே சொட்டு இல்லை. பெட்டியில் ஒரு நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

என்ன ஆயிற்று என்று பிற்பாடுதான் தெரிந்தது. இரவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. திரும்ப உயிர் வந்ததும் அந்தப் பெட்டி முதல் காரியமாகக் கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டிருக்கிறது. சர்வர் பதில் சொல்லவில்லை. பதில் வரும்வரை வேறு வேலை செய்யக்கூடாது என்று அதற்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்டிமேல் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாலும் பயன் இல்லை. அந்தப் பொத்தானுக்கும் மோட்டாருக்கும் நேர் உறவு கிடையாது. அது புரோகிராமிடம் மனுக் கொடுக்கும், புரோகிராம் சர்வரின் உத்தரவுக்குக் காத்திருக்கும். பழைய ஸ்டார்ட்டரை 2021-லேயே கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று.

எலக்ட்ரீஷியன் கிடைத்து, வயரை மாற்றிக் கட்டி, மோட்டார் ஓடும்போது மதியம் இரண்டு மணி. அதற்குள் 24 வீட்டுக்காரர்களும் சம்ப்பில் வாளி விட்டு இறைத்துக்கொண்டு படி ஏறினோம். மூன்றாம் மாடி மாமிக்கு 78 வயது. வேண்டாம் என்று சொல்வதற்குள் அரை வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நனைந்த படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கம்பெனிக்குப் போன் போட்டால் ‘உபயோகத்தில் இல்லை’ என்றது. வியாபாரத்தையே மூடிவிட்டார்களாம். ஒரு கடிதம், ஒரு குறுஞ்செய்தி எங்களுக்கு வரவில்லை.

என் தங்கை மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறியதாக ஒரு பேனல் போர்டு பட்டறை வைத்திருக்கிறான். (அவன் இந்த மூன்று விலைப்புள்ளியில் இல்லை. கொடுக்கக்கூடாது என்று நான்தான் சொன்னேன், ஆடிட் பயம் ரிடையர் ஆகாது.) அவன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஈ.எஸ்.பி.8266 என்ற சிப். ஷாங்காய் எஸ்பிரெசிஃப் கம்பெனியுடையது, 2014-லிருந்து சந்தையில் இருப்பது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய தகட்டில் வைஃபையும் சேர்ந்தே இருக்கும், ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்.

“சீன சிப்தான் காலை வாரிவிட்டதா?” என்றேன்.

“சிப்பு பாவம் மாமா. அது சொன்னதைச் செஞ்சுது. சொல்லிக் கொடுத்தவன்தான் தப்பு” என்றான். அன்று மாலையே அதிலிருந்த புரோகிராமை அழித்துவிட்டு, சர்வர் கிர்வர் எதையும் தேடாத சின்ன புரோகிராம் ஒன்றை ஏற்றினான். அதே சிப், அதே பெட்டி இன்றுவரை ஓடுகிறது. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரிதான். மோட்டார் கான்டாக்டர் ‘டக்’ என்று விழும்போதெல்லாம் அந்த அதிர்வில் சிப் சில சமயம் தன்னை மறந்து மறுபடி ஆரம்பிக்கிறது. கரண்ட் வந்தவுடன் ரிலே ஒருமுறை உதறுகிறது. இந்தச் சிப்பின் சில கால்கள் உயிர் வரும் கணத்தில் தானாக மேலே போய் இறங்கும். எந்தக் காலில் ரிலேயைக் கட்டக்கூடாது என்று தெரியாதவர் கட்டியிருக்கிறார். புதியது வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எதை வாங்குவது? எங்கள் பள்ளி பிரெஞ்சு வழிப் பள்ளி, புதுச்சேரியில். அங்கே ஒரு வாத்தியார் எதைக் கொண்டு காட்டினாலும் ‘ஆ க்வா சா செர்?’ என்பார். இது எதற்குப் பயன்? பதில் சொல்லாவிட்டால் உட்கார விடமாட்டார். செயலாளர் டிக் அடித்த விலைப்புள்ளியை அவர் முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: ஈ.எஸ்.பி.32 டூயல் கோர், 240 மெகாஹெர்ட்ஸ், வைஃபை, புளூடூத், கிளவுட், செக்யூர் பூட். ஒரு தொட்டி நிரம்பிற்றா இல்லையா என்று பார்க்க இரண்டு மூளை எதற்கு என்று நான் கேட்கப்போவதில்லை. 2016-ல் வந்த அந்தச் சிப் மலிவு, நன்றாக உழைக்கிறது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. என் சண்டை அந்தக் கடைசி வார்த்தையோடுதான்.

செக்யூர் பூட் என்றால் என்ன? சர்டிபிகேட் காப்பியில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இருந்தால்தான் வாங்கிக்கொள்வோம் இல்லையா, அதைப் போல. கம்பெனியின் ரகசியக் கையெழுத்து உள்ள புரோகிராமை மட்டும்தான் சிப் ஏற்கும். அந்த ஏற்பாட்டைச் சிப்புக்குள் இருக்கும் மிக நுண்ணிய ஃபியூஸ்களை எரித்துச் செய்கிறார்கள். ஒருமுறை எரித்தது எரித்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. திருடன் கள்ள புரோகிராம் ஏற்ற முடியாது என்பது உண்மை, நல்லதும்கூட. ஆனால் அந்தக் கம்பெனி நாளை கடையை மூடினால் என் மருமகனும் ஏற்ற முடியாது. போன வருடம் எங்களைக் காப்பாற்றிய ஒரே வழி இதில் காசு கொடுத்து அடைக்கப்படுகிறது! வீட்டுக்குப் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவி சங்கத்தின் பீரோவில் இருக்கட்டும் என்கிறேன். கையெழுத்துச் சாவியை முத்திரையிட்ட உறையில் கொடுக்கிறீர்களா என்று அந்தக் கம்பெனி ஆளிடம் கேட்டேன். நான் எதோ அவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டதுபோலப் பார்த்தார்.

இது எங்கள் ஊர் சில்லறைக் கம்பெனிகளின் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் ரிவால்வ் என்று வீட்டு விளக்கு, கதவுகளை இயக்கும் கருவி. கூகுள் குடும்பத்து நெஸ்ட் கம்பெனி அதை வாங்கி, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பா. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அதற்கு முன் காலம் ஒன்று உண்டு. பிரான்சில் மினிடெல் என்று ஒரு சின்னத் திரைப்பெட்டி, 1982 முதல் டெலிபோன் இலாகா வீடு வீடாக இலவசமாகவே கொடுத்தது. ரயில் டிக்கெட், டெலிபோன் புத்தகம் எல்லாம் அதில். அதையும் 2012 ஜூன் 30-ல் நிறுத்தினார்கள். முப்பது வருடம் ஓடியபின், முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். குடியுரிமை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போன என் வகுப்புத் தோழன் அதைப் பற்றிக் கண் கலங்கிக் கடிதம் எழுதினான். சர்க்கார் இலாகாவைத் திட்டுவது எல்லோருக்கும் சுலபம்.

இரண்டாவது விலைப்புள்ளி ராஸ்பெர்ரி பை. அது மைக்ரோகன்ட்ரோலரே இல்லை, சின்னக் கம்ப்யூட்டர். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும் வாய்ப்பு உண்டு. எங்கள் பக்கத்து மின்சாரத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அதை விட்டுவிடுவோம்.

மூன்றாவதுதான் நான் கேட்பது, விலை கொஞ்சம் அதிகம். அதிலும் ஈ.எஸ்.பி.32-தான், ஆனால் வைஃபையை நம்பவில்லை. செயலாளர் வீட்டு ரவுட்டர் இரண்டாம் மாடியில், மோட்டார் தரைக்குக் கீழே, நடுவில் கம்பி போட்ட கான்கிரீட். இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் காதில் விழும். ரவுட்டர் பாஸ்வேர்டை அவர் பேரன் மாற்றினால் மோட்டார் அறைக்குத் தெரியாது. ஈத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும், எங்களுக்கு 30 மீட்டர்தான் வேண்டும். டேங்கின் அளவைக் கீழே கொண்டுவர ஆர்.எஸ்.485 என்ற பழைய முறை. ஒரு முறுக்குக் கம்பி ஜோடியில் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் சேதி போகும். எஸ்டேட்டில் எந்தப் பழைய மெஷினைத் திறந்தாலும் அது இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம், மருமகன் சொன்னது. முதலில் வந்த ஈ.எஸ்.பி.32-க்குள்ளேயே ஈத்தர்நெட்டுக்குப் பாதி ஏற்பாடு உண்டு, லேன்8720 மாதிரி ஒரு துணைச் சிப் சேர்த்தால் போதும். அதற்குப்பின் வந்த எஸ்3, சி3 வகைகளில் அதை எடுத்துவிட்டார்கள். அவற்றில் கேபிள் வேண்டுமென்றால் கொரியாவின் டபிள்யூ5500 போன்ற தனிச் சிப் வைக்கவேண்டும். ‘லேட்டஸ்ட் சிப் சார்’ என்று விற்பவரிடம் கேபிளை எங்கே செருகுவது என்று கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

அப்படியானால் எஸ்.டி.எம்.32 போன்ற ஐரோப்பியச் சிப் எடுக்கலாமே என்று ஒரு அன்பர் கேட்டார். நல்ல சிப், தொழிற்சாலைக்காரர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் 2021 சிப் தட்டுப்பாட்டில் அது கிடைக்காமல் பட்டறைக்காரர்கள் பட்ட பாட்டை மருமகன் மறக்கவில்லை. நம் சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி சிப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, 2018-ல் அதில் ஒன்று சண்டிகரிலேயே தயாரானது. நாளைக் காலை ரிச்சி தெருவில் மாற்று போர்டு வாங்க முடிகிற நிலை வரட்டும், முதல் ஓட்டு என்னுடையது.

பொருளாளர் ஒரு வாட்ஸாப் செய்தியோடு வருவார், தெரியும். ‘சீன சிப்பில் ரகசியக் கதவு, நூறு கோடிக் கருவிகள் ஆபத்தில்.’ 2025 மார்ச்சில் ஸ்பெயின் நாட்டு டார்லாஜிக் கம்பெனி ஈ.எஸ்.பி.32-ல் ஆவணத்தில் இல்லாத 29 கட்டளைகளைக் கண்டுபிடித்தது. முதலில் ரகசியக் கதவு என்றார்கள், சில நாளில் அவர்களே அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கட்டளைகளைச் சிப்புக்குள் ஓடும் புரோகிராம்தான் கொடுக்க முடியும், தெருவில் போகிறவன் கொடுக்க முடியாது. உண்மையான கதவு எங்கே திறந்திருந்தது என்றால், 2016 அக்டோபரில் மிராய் என்ற கிருமி உலகமெங்கும் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்ததே, அங்கே. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். எங்கள் பழைய பெட்டியின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 12345678. மூன்று வருடம் அதுதான்.

கூட்டத்தில் நான் எழுத்தில் கொடுக்கப்போகும் குறிப்பு ஒரு பக்கம். டேங்கில் சாதாரண ஃப்ளோட் சுவிட்சும், கையால் போடும் ஸ்டார்ட்டரும் கான்டாக்டரோடு நேராக இணைந்திருக்கவேண்டும். சிப் செத்தாலும் வாட்ச்மேன் மோட்டார் போடவேண்டும். இன்டர்நெட் சேதி சொல்லட்டும், உத்தரவு போடவேண்டாம். புரோகிராமும் சாவியும் சங்கத்திடம். ஒரு மாற்று போர்டு, புரோகிராம் ஏற்றி, பீரோவில். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை: ரவுட்டரைப் பிடுங்கிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, மோட்டார் எடுக்கிறதா என்று எல்லோரும் நின்று பார்க்கவேண்டும்.

இதற்கெல்லாம் வீட்டுக்குக் கூடுதலாக ஆகும் செலவு 300 ரூபாய்க்குள். மாமியின் எக்ஸ்ரே அதைவிட அதிகம். அவரே ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். லிஃப்ட் ரிப்பேர், நான் கையைப் பிடித்து அழைத்துவரவேண்டும்.