ட்ரோன் பறக்கவிட லைசென்ஸ் வேணுமா? முதல்ல மேப்பைப் பாருங்க!

பிறந்தநாளுக்கு சைக்கிள் கேட்ட பிள்ளைகள் இப்போது ட்ரோன் கேட்கிறார்கள். தேரோட்டத்தை மேலிருந்து எடுத்த ரீல்ஸைப் பார்த்தால் பெரியவர்களுக்கே ஆசை வருகிறது, பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை. ‘சிங்கப்பூர்ல இருந்து மாமா வர்றப்போ ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்கப்பா’ என்று பையன் ஆரம்பித்ததும், அப்பா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: ‘அதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமாமே?’

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம். ஆனால், இந்த ‘வேண்டாம்’தான் பலரை வம்பில் மாட்டிவிடுகிறது. பறக்கவிடுபவருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று விதி சொல்வதை, விதியே இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள்.

கொஞ்சம் பழைய கதை. 2014-ம் ஆண்டு மே மாதம் மும்பையில் ஒரு பீட்சா கடை, ட்ரோன் மூலம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பீட்சாவை இறக்கியது. செய்தி பரபரப்பானது. அதே ஆண்டு அக்டோபரில், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ., பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடவே தடை போட்டது. 2018 டிசம்பர் 1 முதல் கட்டுப்பாடுகளோடு அனுமதி வந்தது. 2021 மார்ச்சில் புதிதாக ஒரு விதித்தொகுப்பு வந்தது. கட்டுக்கட்டாகப் படிவங்கள், விதவிதமான கட்டணங்கள் என்று எல்லோரும் புலம்ப, ஐந்தே மாதத்தில் அதைத் தூக்கிவிட்டு, ஆகஸ்ட் 25 அன்று ‘ட்ரோன் விதிகள் 2021’ அறிவிக்கப்பட்டது. 25 படிவங்கள் 5 ஆயின. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகச் சுருங்கின. இன்று நடைமுறையில் இருப்பது இதுவும், பிறகு வந்த இதன் திருத்தங்களும்தான்.

முதல் திருத்தத்திலேயே ‘லைசென்ஸ்’ என்ற சொல்லும் போய்விட்டது. 2022 பிப்ரவரி முதல் அதன் பெயர் ‘ரிமோட் பைலட் சான்றிதழ்’. ஆனாலும், ஊர் வாயில் லைசென்ஸ் லைசென்ஸ்தான்!

எல்லாம் எடைக் கணக்கு

காய்கறிக் கடைபோல, இங்கே எல்லாவற்றையும் எடைதான் தீர்மானிக்கிறது. 250 கிராம் வரை ‘நானோ’. அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. அடுத்து 25 கிலோ வரை ‘ஸ்மால்’. வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பெரும்பாலும் இந்த வகை. அதற்கும் மேலே ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்று இருக்கின்றன. அவற்றுக்கும் நம் வீட்டு மொட்டை மாடிக்கும் சம்பந்தமில்லை.

நானோ ட்ரோனைப் பறக்கவிடுபவருக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கும், காசு வாங்காமல் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும்வரை தேவையில்லை. கடையில் 249 கிராம் எடையுள்ள கேமரா ட்ரோன்கள் வரிசைகட்டி நிற்பதன் ரகசியம் இந்த 250 கிராம் கோடுதான். உலகில் பல நாடுகள் இதே எடையில்தான் கோடு போட்டிருக்கின்றன. கம்பெனிகள் ஒரு கிராம் முன்னால் நிறுத்திக்கொள்கின்றன.

இதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. விதி கணக்கில் எடுப்பது, பேட்டரி உட்பட பறக்கும்போது இருக்கும் மொத்த எடையை. கூடுதல் நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரியைப் போட்டாலோ, இறக்கைக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டினாலோ நானோ அந்த நிமிடமே மைக்ரோ ஆகிவிடும். மைக்ரோ என்றால் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். நானோவுக்கு அதில் விலக்கு உண்டு.

பைலட்டுக்குச் சான்றிதழ் வேண்டாம் என்றாலும், ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். பைக்குக்கு நம்பர் பிளேட் மாதிரி, ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனித்த அடையாள எண் தருகிறார்கள். ஆன்லைனில் டி-2 என்ற படிவத்தை நிரப்பி, 100 ரூபாய் கட்ட வேண்டும். ஒருகாலத்தில் எல்லாமே ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தில் நடந்தது. பதிவு வேலைகளை இப்போது டி.ஜி.சி.ஏ-வின் ‘இ-ஜி.சி.ஏ’ தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால், எங்கே பறக்கலாம் என்று காட்டும் மேப் டிஜிட்டல் ஸ்கையில் இருக்கிறது. உண்மையான விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பச்சை, மஞ்சள், சிவப்பு

2021 செப்டம்பரில் வெளியான இந்த மேப், நாட்டின் வான்வெளியை டிராஃபிக் சிக்னல்போல மூன்று நிறங்களாகப் பிரித்திருக்கிறது. பச்சை என்றால், 400 அடி உயரம் வரை யாரிடமும் கேட்க வேண்டாம். மஞ்சள் என்றால், அந்தப் பகுதியின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சிவப்பு என்றால், மத்திய அரசு அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எழும்பக் கூடாது.

400 அடி எவ்வளவு என்று கண்ணை மூடி யோசித்தால் பிடிபடாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. கிட்டத்தட்ட இரண்டு பெரிய கோயில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். படம் எடுக்க அது தாராளம். ஆனால், விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் இடங்களில் பச்சை 200 அடியோடு முடிந்துவிடும். பெரிய கோயில் கலசத்தைக்கூடத் தொட முடியாது. 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள். அதைவிட நெருங்கினால் சிவப்பு.

இதை நம் ஊர்களில் பொருத்திப் பாருங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம், நங்கநல்லூர், ஆலந்தூர் மொட்டை மாடிகள் எல்லாம் ட்ரோனுக்கு ஆகாத மாடிகள். கோவையில் விமான நிலையம் பீளமேட்டுப் பக்கம், கொஞ்சம் தள்ளி சூலூரில் விமானப்படைத் தளம். தாம்பரம், தஞ்சாவூரில் விமானப்படை, அரக்கோணத்தில் கடற்படை, கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள். ‘எங்க ஊர்ல ஏர்போர்ட்டே இல்லையே’ என்பது பதில் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், ட்ரோன் ஆராய்ச்சிக்குப் பேர்போன, நடிகர் அஜித் 2018-ல் ஆலோசகராகச் சேர்ந்த தக்‌ஷா மாணவர் குழுவின் தாய்வீடான எம்.ஐ.டி. வளாகமே விமான நிலையத்துக்குப் பக்கத்துக் குரோம்பேட்டையில்தான் இருக்கிறது.

நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகவும் மாறலாம். வி.ஐ.பி. வருகையோ, பெரிய கூட்டமோ இருந்தால், எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை அது செல்லும். அதனால்தான் ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் மேப்பைப் பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வாங்கிய அன்று ஒரு தடவை பார்த்தது போதாது.

விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. 249 கிராம் சமாசாரத்துக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவில் நடந்த ஒன்று. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைக்கத் தண்ணீர் கொண்டுவந்த பெரிய விமானத்தின் மீது ஒரு பொழுதுபோக்கு ட்ரோன் மோதியது. இடது இறக்கையில் சுமார் 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை. விமானம் தரையிறங்கி, பழுதுபார்க்கப் போய்விட்டது. ஊர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில்! மோதிய ட்ரோன் அதே 249 கிராம் வகை. பறக்கவிட்டவர் அதைக் கண்பார்வை தூரத்தைத் தாண்டி, 2 கிலோமீட்டருக்கும் மேலே அனுப்பியிருக்கிறார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 65,000 டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கட்டவும், 150 மணி நேரம் சமூக சேவை செய்யவும் சம்மதித்தார்.

நம் விதியிலும் பொழுதுபோக்கு ட்ரோனுக்கான சலுகை, அது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பறக்கும்வரைதான்.

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர்களும் ஆன்லைனில் ஒரு சின்னத் தேர்வை முடிக்க வேண்டும். இலவசம்தான். தப்பாக விடை சொன்னால் சரியான விடையைக் காட்டிவிட்டு மறுபடி கேட்கும். யாரையும் ஃபெயில் ஆக்குவது நோக்கமில்லை, நான்கு விஷயம் காதில் விழட்டும் என்பதுதான். இந்தியாவில் பொழுதுபோக்குப் பைலட்டுக்கு அதுவும் இல்லை. படிவங்களைக் குறைத்தது நல்ல வேலை. ஆனால், அட்டைப் பெட்டியைப் பிரிக்கும் பையனுக்கு இப்படி ஒரு மேப் இருப்பதைச் சொல்ல யாருமே இல்லை என்பது குறைதான். அந்த வேலை இப்போதைக்கு அப்பா அம்மா தலையில்.

காசு கைமாறினால்...

பக்கத்துத் தெருக் கல்யாணத்தை சும்மா எடுத்துக் கொடுத்தவரை பொழுதுபோக்கு. ‘இந்தாப்பா, வச்சுக்கோ’ என்று பேசி 3,000 ரூபாய் வாங்கிவிட்டால் அது தொழில். கையில் இருப்பது மைக்ரோ என்றால் அங்கே பைலட் சான்றிதழ் கட்டாயம். தொழிலுக்குப் பறக்கும் அந்த ட்ரோன் மாடலுக்கே ‘டைப் சர்டிஃபிகேட்’ எனும் தரச் சான்றும் வேண்டும். பொழுதுபோக்கு ட்ரோனுக்கும் நானோவுக்கும் மட்டுமே அதில் விலக்கு. ஸ்டுடியோ நடத்தும் அண்ணன்கள் இந்த இடத்தில்தான் உஷாராக வேண்டும்.

சான்றிதழ் வாங்க வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் படித்துத் தேற வேண்டும். கொஞ்சம் பாடம், கொஞ்சம் கம்ப்யூட்டர் சிமுலேட்டர், அப்புறம் மைதானத்தில் நிஜ ட்ரோன். சில நாள்களில் முடிந்துவிடும். சான்றிதழுக்கான அரசுக் கட்டணம் வெறும் 100 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். செலவெல்லாம் பயிற்சிக் கட்டணத்தில்தான், அது பல்லாயிரங்களில் வரும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகமும், மாநில அரசின் ஆளில்லா வானூர்திக் கழகமும் பயிற்சி தருகின்றன. தனியார் நிறுவனங்களும் உண்டு. முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள், கிராமத்துப் பிள்ளைகள் அதிலேயே நின்றுபோனார்கள். 2023 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவை போதும்.

‘ஸ்கூல் பசங்களுக்கு 2 நாள்ல ட்ரோன் லைசென்ஸ்’ என்று விளம்பரம் கண்ணில் பட்டால் பர்ஸை மூடிவையுங்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு இந்தச் சான்றிதழே கிடையாது. கையில் தருவது கலந்துகொண்டதற்கான காகிதம் மட்டும். கற்றுக்கொள்ள நல்லதுதான், லைசென்ஸ் இல்லை. பெரியவர்கள் சேரும்போதும், நிறுவனத்தின் பெயர் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது உத்தமம்.

சிங்கப்பூர் மாமாவுக்கு போன் போடுங்க

ஆம், முதலில் மாமாவைத் தடுக்க வேண்டும். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. அன்பாகப் பெட்டியில் வைத்து எடுத்துவரும் ட்ரோன், விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் மேஜையிலேயே தங்கிவிடலாம். கடையில் பில் இல்லாமல், ‘வாரன்ட்டி எல்லாம் கேக்காதீங்க சார்’ என்று சொல்லித் தரும் சரக்கும் எந்த வழியாக வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பதிவு எண் வாங்கப் போகும்போது சிக்கல் வருவது இதுபோன்ற ட்ரோன்களுக்குத்தான். எனவே, வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேளுங்கள்: ‘இதைப் பதிவு பண்ண முடியுமா? எழுதித் தருவீங்களா?’

பச்சை மண்டலத்திலும் பறக்க முடியாத இடங்கள் உண்டு. மாமல்லபுரம், பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களுக்கு அந்தத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். காப்புக்காடுகளில் வனத்துறையைக் கேட்க வேண்டும். பக்கத்து மாடியில் வடகம் காயவைக்கும் அக்காவின் தலைக்கு மேலே கேமராவை நிறுத்துவதற்கு எந்த மேப்பும் அனுமதி தராது. பெண்களை அந்தரங்கமான நேரத்தில் படமெடுத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் சிறைக்குப் போகும் குற்றம். ட்ரோன் விதியின் அபராதத்தோடு முடியாது.

விதிகள் இன்னும் மாறலாம். ட்ரோனுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர, 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. பதிவு, காப்பீடு இரண்டிலும் அது இன்னும் கறார். ஆகவே, பில்லையும் பதிவு எண் பிரின்ட்அவுட்டையும் ட்ரோன் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பைக்குக்கு ஆர்.சி. புத்தகம் மாற்றுவதுபோல, டி-3 படிவத்தில் ட்ரோனின் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இதற்கும் 100 ரூபாய்தான். விற்பவர் நண்பனாக இருந்தாலும் இதை முடித்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். விற்றவருக்கும் அதுதான் நல்லது. புது முதலாளி அதை பீளமேட்டில் பறக்கவிட்டால், போலீஸ் முதலில் தேடி வருவது பதிவில் இருக்கும் பழைய பெயரைத்தான்.