வராதவன் குற்றவாளியா?

"தளம் ஆயத்தம், சனந்தான் வரவில்லை." வட இலங்கையிற் புதிதாகத் தோன்றும் சிறு இணைய நிறுவனங்களின் வாயிலில் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் புலம்பல் இது. முதல் போட்டவர் ரொரன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து இதனைச் சொல்கிறார். நிரல் எழுதிய இளைஞர் யாழ்ப்பாண நகரத்து வாடகை அறையொன்றில் இருந்து சொல்கிறார். ஈற்றில் இருவரும் ஒரே தீர்ப்பை வழங்குகின்றனர்: எங்கள் சனத்துக்குப் புதியது பிடியாது, தன்னவனை ஆதரிக்கும் பண்பு தமிழனிடம் கிடையாது.

இத்தீர்ப்பை நாம் முற்றாக மறுக்கிறோம். வராதவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், அவன் ஏன் வரவில்லை என்பதை எவரேனும் அவனிடம் சென்று கேட்டதுண்டா? கேட்டிருப்பின் இத்தனை இலகுவாகத் தீர்ப்பெழுத முடிந்திராது.

ஊர்காவற்றுறையை அடுத்துள்ள கரம்பொன்னை எடுத்துக்கொள்வோம். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாகப் பெயர்ந்தனர். பெயர்ந்தவர்களிற் பலர் கடல் கடந்து போயினர். பூட்டிய வீடுகளும் பற்றையேறிய வளவுகளும் அக்கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எஞ்சியோரும் மீண்டோரும் கடலையும் பனையையும் சிறு தோட்டத்தையும் கூலியையும் நம்பி வாழ்கின்றனர். இவ்வூர் இளைஞர் ஒருவர், தீவகத்து நண்டையும் கருவாட்டையும் புழுக்கொடியலையும் பனங்கட்டியையும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள வாங்குவோருடன் நேரடியாக இணைக்கும் இணையத்தளம் ஒன்றைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோக்கம் நல்லது. இடைத்தரகரை நீக்கி உழைப்பவனுக்குக் கூடிய விலை கொடுப்பதாகவும் அவர் சொல்கிறார். ஆயினும் மீனவன் வரவில்லை. பனைத்தொழில் செய்யும் பெண்ணும் வரவில்லை. ஏன்?

மீனவனின் படகிலும் வலையிலும் வியாபாரியின் முற்பணம் இருக்கிறது. இயந்திரம் பழுதானாலும், பிள்ளைக்கு நோய் வந்தாலும், கடல் கொந்தளித்துத் தொழில் நின்றாலும் அவன் கை நீட்டுவது அந்த வியாபாரியிடமே. அக்கடன் தீரும்வரை பிடித்ததை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். கிலோவுக்கு நூறு ரூபா கூடத் தருவேன் என்று தளம் சொல்கிறது. அந்த நூறு ரூபாவை நம்பி முற்பணக்காரரைப் பகைத்துக்கொள்பவன், அடுத்த மாதம் இயந்திரம் நின்றால் எங்கே போவான்? தளத்தின் முகப்பில் உள்ள பொத்தான்களுள் எதை அழுத்தினால் ஓர் இயந்திரத்துக்கான கடன் கிடைக்கும்?

வாங்குவோர் பக்கமும் இத்தகையதே. சந்திக் கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு பொருள் கொடுக்கிறார். சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்க்கப்படுகிறது. தளமோ வங்கி அட்டையைக் கேட்கிறது. அட்டை இல்லாதவனை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. இவற்றோடு கடலும் இருக்கிறது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகு போகவேண்டும். காற்றுக் கிளம்பினால் படகு நிற்கும். ஒரே நாளில் ஒப்படைப்போம் என்று கொழும்பு நிறுவனங்களைப் பார்த்து எழுதப்பட்ட வாக்குறுதி முதற் கச்சான் காற்றிலேயே பொய்த்துப் போகிறது.

ஆகவே, வராமை என்பது அறியாமையன்று, அது கணக்கு. வறியவன் போடும் கணக்கு, முதலீட்டாளர் போடும் கணக்கிலும் பார்க்கப் பெரும்பாலும் நுணுக்கமானது. ஏனெனில் பிழைத்துப் போனால் அவன் இழப்பது இலாபத்தை அன்று, அடுத்த நாட் சோற்றை.

இந்த உண்மையைக் காண மறுப்போர் கையிலெடுக்கும் மருந்துகள் இரண்டு: விளம்பரம், தள்ளுபடி. முதலின் பெரும்பகுதி பேஸ்புக்குக்கும் கூகிளுக்கும் விளம்பரக் கட்டணமாகப் போகிறது. தீவக மீனவனுக்கும் அயலூர் வாங்குவோனுக்கும் இடையே பாலம் போட என்று திரட்டிய பணம், இப்படிக் கலிபோர்னியாவின் கல்லாப்பெட்டியில் விழுகிறது. மிகுதி தள்ளுபடியாக இறைக்கப்படுகிறது. தள்ளுபடி உள்ளவரை கூட்டம் நிற்கும், தீர்ந்ததும் கலையும். எமது நாட்டு வழக்கில் இத்தகையோரைப் 'பாவனையாளர்' என்கிறோம். பொருத்தமான சொல்தான்! தள்ளுபடிக்காக வந்தவர் பயன்படுத்துவதாகப் பாவனை செய்கிறார். நிறுவனமும் வளர்வதாகப் பாவனை செய்கிறது.

பணத்தால் ஆளைச் சேர்க்க முடியாதா என்று கேட்கலாம். பேபால் நிறுவனம் தன் தொடக்க காலத்திற் புதிதாகச் சேர்ந்தவருக்கும் சேர்த்துவிட்டவருக்கும் பத்து டொலர் வீதம் கொடுத்துப் பெருகியது உண்மையே. பின்னால் மலைபோல் முதல் குவிந்திருந்தவர்களுக்கு அது இயன்றது. குவிந்த முதலும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. இந்திய மொழிகளில் உரையாடும் களமாக 2020 ஆம் ஆண்டு தோன்றிய 'கூ' 6 கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீட்டைத் திரட்டியது. 2024 யூலையில் மூடப்பட்டது. அத்தனை கோடியாலும் நிறுத்திவைக்க முடியாத கூட்டத்தை, ஊர்ச் சங்கமொன்று சேர்த்தனுப்பிய சில இலட்சம் ரூபா நிறுத்திவைக்குமா?

வெளிநாட்டுப் பெரும் நிறுவனங்களைக் காட்டிக் கனவு காண்போர், அவற்றின் முடிவைப் பார்க்கின்றனரேயன்றித் தொடக்கத்தைப் பார்க்கின்றாரிலர். பேஸ்புக் 2004 பெப்ரவரியில் ஹாவாட் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மட்டுமே திறக்கப்பட்டது. எயார்பிஎன்பியைத் தொடங்கியோர் 2009 இல் நியூயோர்க்கில் வீடு வீடாகச் சென்று, வாடகைக்கு விடுவோரைச் சந்தித்து, அறைகளைத் தாமே படம் பிடித்தனர். அந்நிறுவனங்கள் பின்னர் என்னவாயின, நகரங்களின் வாடகையை எப்படி ஏற்றின என்பது வேறு கதை. அவற்றை நாம் புகழவில்லை. ஆயினும் அவர்கள்கூட முதலிற் காலால் நடந்தனர். எமது நண்பர்களோ பண்ணைப் பாலத்தைத் தாண்டாமலே தீவகத்தைக் கைப்பற்ற விரும்புகின்றனர்.

நடந்து சென்றோர் எம் மண்ணில் இல்லாமலில்லை. கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952 இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியபோது, தமிழாய்வுக்கென்று உலகெங்கும் வாசகர் கூட்டம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. நாடு நாடாகச் சென்று பேசி அக்கூட்டத்தை உருவாக்கினார். 1964 சனவரியிற் கீழைத்தேய அறிஞர் மாநாட்டுக்காகப் புதுடில்லியிற் கூடியிருந்த ஆய்வாளர்களை அங்கேயே ஒன்றுசேர்த்து அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். 1966 இற் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. ஆட்கள் ஏற்கெனவே கூடியிருந்த இடத்துக்கு அவர் போனார். தாம் இருந்த இடத்துக்கு அனைவரும் வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருக்கவில்லை.

இணையத்திலேயே சான்று வேண்டுமா? 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் ஆரம்ப நாட்களிற் பெரும்பாலும் தனித்தே கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். இன்று அங்கே ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவர் எவருக்கும் தள்ளுபடி கொடுக்கவில்லை. வந்தவன் அங்கே வெறும் வாசகனாக நிற்காமல் எழுதுபவனாகவும் திருத்துபவனாகவும் மாற முடிந்தது. ஆக்கத்தில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. வந்தவன் தங்கியதன் காரணம் இதுவே.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பாவனையாளன் வேண்டும் என்கிறோம். பங்காளன் வேண்டும் என்று சொல்வதில்லை. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 28 தொழிலாளர் ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்துக் கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்ஸ் மாவும் சில மெழுகுதிரிகளுமே அக்கடையின் சரக்கு. நகரத்து வியாபாரிகள் நகைத்தனர். ஆயினும் அக்கடைக்கு வாடிக்கையாளரைத் தேட வேண்டிய தேவை எழவில்லை, உடைமையாளர்களே வாடிக்கையாளர்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் தன் தொடக்கத்தை அந்தக் கடையிற் காண்கிறது. யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளரும் 1930களில் மலையாளச் சந்தைக்காகக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தவர்களே. இது எமக்குப் புதிய பாடமன்று, மறந்துபோன பாடம்.

கூட்டுறவு என்று பெயரிட்டாற் போதுமா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானது. கேரள அரசு 2022 ஓகஸ்ற் மாதம் திருவனந்தபுரத்தில் 'கேரள சவாரி' என்னும் வாடகை வண்டிச் செயலியைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்களிலும் பார்க்க மிகக் குறைந்த தரகையே அது அறவிட்டது. இருந்தும் தொடக்க ஆண்டுகளில் எதிர்பார்த்த வளர்ச்சி கிட்டவில்லை. அதே ஆண்டிறுதியிற் பெங்களூரில் ஓட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு எழுந்த 'நம்ம யாத்திரி' வேரூன்றியது. பொதுநன்மை என்ற பெயர்ப்பலகை மட்டும் ஒருவனை வண்டியில் ஏற்றிவிடாது. வண்டி நேரத்துக்கு வரவேண்டும். எமது கூட்டுறவுச் சங்கங்கள் பல, கட்சிக்காரரின் கைப்பிடியிலும் கணக்குக் குளறுபடியிலும் நலிந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நலிந்த சங்கத்தைத் திருத்தலாம். கேள்வி கேட்கும் உரிமை உறுப்பினனுக்கு உண்டு. தொலைதேசத்துப் பங்குதாரரின் தளத்தை எந்த மீனவன் கேள்வி கேட்பது?

ஆகவே தளம் தொடங்கும் இளைஞரிடம் நாம் கேட்பது இதுதான். ஆயிரம் பேரை மறந்துவிட்டு இருபது வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் முதலில் ஏறுங்கள். முற்பணக் கடனை மெல்ல மெல்ல அடைக்கும் ஒரு நிதியை அச்சங்கத்தோடு சேர்ந்து உருவாக்குங்கள்; அந்தக் கட்டு அவிழாமல் எந்த மீனவனும் உங்களிடம் வரமாட்டான். கொழும்பில் அன்று நண்டு என்ன விலை போகிறது என்பதை இறங்குதுறைப் பலகையில் நாள்தோறும் எழுதிப் போடுங்கள். கைத்தொலைபேசி இல்லாதவனுக்கும் அது பயன்படும். கடைக்காரரின் கொப்பியைப் பகைக்காமல் அதனையும் உங்கள் கணக்கிற் சேருங்கள். வருபவருக்குச் சிறு பங்கும், ஆளுக்கு ஒரு வாக்கும் கொடுங்கள்.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு சொல். ஊருக்கு உதவ விரும்பினால் கடனாகக் கொடுங்கள். உடைமையை ஊரிடமே விடுங்கள். வளர்ச்சிக் கோட்டைக் காட்டு என்று மாதந்தோறும் அந்த இளைஞரை நெருக்காதீர்கள். உங்கள் அவசரமே அவரை விளம்பரக் கடைக்கு விரட்டுகிறது.

இவையெல்லாம் ஒரு சிறு தளத்தின் வாழ்வு சாவு பற்றிய கதை மட்டும்தானா? அன்று. 2022 ஓகஸ்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியபோது சிறு படகுக்காரன் கடலுக்குப் போவதா, கரையில் இருப்பதா என்று திகைத்தான். அந்த உயர்வைத் தன் மீனின் விலையில் ஏற்றும் வலிமை அவனுக்கு இருக்கவில்லை; விலை சொல்லும் நா அவனுடையதன்று. அந்த நாவை அவனுக்கு மீட்டுக் கொடுக்கக்கூடிய கருவிகளுள் இணையமும் ஒன்று. அதனை நாம் பிழையாகக் கையாண்டு ஒவ்வொரு தளமாக மூடிக்கொண்டு போனால், ஒருநாள் பெருமூலதனத்தின் தளம் வந்து இறங்கும். முற்பணக்காரரின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். இன்றைய முற்பணக்காரருக்காவது மீனவனின் பெயர் தெரியும், அதற்கு அதுவும் தெரியாது. ஊரில் நின்று எதையாவது செய்வோம் என்று துணிந்த இளைஞரும், சனம் சரியில்லை என்ற கசப்போடு விமானம் ஏறுவார்.

சனம் சரியாகத்தான் இருக்கிறது. அது தன் நட்டத்தையும் ஆதாயத்தையும் நிறுத்துப் பார்த்துத் தன் விடையைச் சொல்லிவிட்டது. அவ்விடையைக் கேட்டுத் தளத்தை மாற்றியமைப்பதே இனி எமது வேலை. இறங்குதுறைக்குப் போவோம், படகு கரை சேரும் நேரத்திற் போவோம்.