படகில் குடியேறலாமா?

"ஓய்வு பெற்ற பிறகு எங்கே குடியிருக்கப் போகிறீர்கள்?" வானொலியில் இந்தக் கேள்வியைப் போட்டால் தொலைபேசி ஓயாது. மகன் வீடு, மகள் வீடு, தாமானில் ஒரு வீடு, பின்னால் நாலு வாழைமரம் என்று நேயர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். என் அப்பாவின் பதில் இந்தப் பட்டியல் எதிலும் சேராது.

அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்பனை ஆலையில் முப்பது வருடங்களுக்கு மேலாக இயந்திரம் பார்ப்பவர். அடுத்த ஆண்டு அறுபது முடிகிறது. சில வருடங்களுக்கு முன் ஆலை நண்பர்களோடு லங்காவிக்குச் சுற்றுலா போனார். அங்கே படகுத் துறையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி படகின் மேல்தளத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்களாம். இருவருக்கும் தலை முழுக்க நரை. அந்தப் படகுதான் அவர்களுக்கு வீடு. அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பில்லை. "ஒரு படகு வாங்கி அதிலேயே இருந்துடலாம் பாப்பா. எஞ்சின் பாக்குறதுக்கு எனக்கு யாரும் சொல்லித்தரணுமா?" என்கிறார்.

கேலியாக ஒதுக்கிவிட மனம் வரவில்லை. ஊடகம் படித்தவளுக்குத் தகவல் தேடுவதாவது தெரிய வேண்டாமா? தேடினேன்.

கடலில் குடியிருக்க நினைப்பவர்களில் பலர் பாய்மரப் படகை வாங்குகிறார்கள். வயதான பிறகு பாய் இழுக்கவும் கயிறு கட்டவும் தெம்பில்லாதவர்கள் தேடுவது டிராலர் என்ற வகையை. பெயர் மீன்பிடிப் படகிலிருந்து வந்தது. பாசிர் பெனாம்பாங்கில் ஆற்றோரம் கட்டிக்கிடக்கும் இழுவலைப் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். கனமான உடல், பெரிய எண்ணெய்த் தொட்டி, மெதுவான ஓட்டம். அதே குணங்களோடு, மீன் வைக்கும் இடத்தில் படுக்கையறையும் சமையலறையும் வைத்தால் அதுதான் டிராலர் வீடு.

இந்த யோசனையைப் பிரபலமாக்கியவர் ராபர்ட் பீபி என்ற ஓய்வுபெற்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. சின்னக் குடும்பம் பாய் இல்லாமல், எஞ்சினை மட்டும் நம்பிப் பெருங்கடலைத் தாண்ட முடியும் என்று காட்ட அவர் 50 அடிப் படகு ஒன்றை வடிவமைத்தார். 'பாசேஜ்மேக்கர்' என்ற அந்தப் படகு எங்கே கட்டப்பட்டது தெரியுமா? பக்கத்துச் சிங்கப்பூரில், 1963இல். அங்கிருந்தே கிரேக்க நாட்டுக்குப் புறப்பட்டது. பிறகு 1975இல் தன் அனுபவத்தை நூலாக எழுதினார். இன்றும் டிராலர் வாங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது அதில் இருக்கிற கணக்கு. இந்த மாதிரிக் கனமான படகு எவ்வளவு வேகம் போகும் என்பதை அதன் நீளமே தீர்மானித்துவிடும். தண்ணீரைத் தொடும் பகுதி எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் உச்சம். 36 அடி என்றால் மணிக்கு 8 கடல் மைல். அதற்கு மேல் எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் படகு தன் அலையிலேயே ஏற முடியாமல் திணறும், டீசல்தான் தீரும்.

அப்பா காகிதத்தில் போட்ட கணக்கைச் சொல்கிறேன். பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 1,300 கடல் மைல். என் கொள்ளுத்தாத்தா 'ரஜுலா' கப்பலில் வந்த அதே வழி. மணிக்கு 6 மைல் போனால் 9 நாள். மணிக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 2,200 லிட்டர் டீசல். அதே தூரத்தை மணிக்கு 8 மைலில் போனால் இரண்டு நாள் மிச்சம், ஆனால் 3,800 லிட்டருக்கு மேல் வேண்டும். லிட்டர் 3 வெள்ளி என்றால், அந்த இரண்டு நாளுக்கு விலை ஏறத்தாழ 5,000 வெள்ளி! "அவசரப்படாதவன்தான் தூரம் போவான்" என்று அப்பா பேனாவை மூடினார்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்த் தொட்டியின் அளவு. டிராலர் போலத் தோற்றம் மட்டும் வைத்து, கரையோரம் ஓடுவதற்காகவே கட்டிய படகுகள் ஏராளம். பார்க்க ஒன்றாக இருக்கும், தொட்டி சின்னதாக இருக்கும். அடுத்து, ஆட்டம். பாய்மரப் படகைப் பாயும் அடியிலுள்ள கனமும் நிமிர்த்திப் பிடிக்கும். டிராலருக்குப் பாய் கிடையாது. பக்கத்தில் அலை அடித்தால் தொட்டில் போல ஆடும். அதைக் குறைக்க நீருக்குள் துடுப்பு போன்ற இறக்கைகளோ, இருபக்கமும் நீட்டிய கம்பத்திலிருந்து தொங்கும் எடைகளோ வேண்டும். மூன்றாவது, மாற்று எஞ்சின். நடுக்கடலில் இருக்கிற ஒரே எஞ்சின் நின்றால், கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சின்னதாக இன்னொன்று இருக்க வேண்டும்.

இதெல்லாம் இருக்கிற புதுப் படகுக்குப் பல மில்லியன் வெள்ளி. தோட்டத் தொழிலாளியின் சேமநிதி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. "பழைய மீன்பிடிப் படகை வாங்கி மாத்திக்கிறேன்" என்றார் அப்பா. மரப்படகு என்றால் அடிப்பாகத்தைத் துளைக்கும் கடற்புழு இருக்கிறது. படகைக் கரையேற்றிச் சுரண்டி, மருந்துச் சாயம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களின் பொதுவான கணக்கு. மலாக்கா நீரிணையில் இரவில் மீன்வலைகளும் மிதக்கும் மரத்துண்டுகளும் உண்டு. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று சூறைக்காற்றும் வரும்.

இத்தனையும் நான் வாசித்துக்காட்டி முடித்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நடுக்கடல்ல உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா, வண்டிய யாரு ஓட்டுறது?"

இருவர் மட்டும் வாழும் படகில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. கடலில் படகை இரவில் நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது. ஒருவர் தூங்கினால் மற்றவர் காவல். அதனால் டிராலரில் வாழ நினைக்கும் தம்பதியருக்கு அனுபவசாலிகள் சொல்வது, இருவரில் பலம் குறைந்தவர் தனியாகத் துறைக்குக் கொண்டுசேர்க்க முடிகிற படகாகப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான். அம்மாவுக்குச் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும்.

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "படகுன்னா யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் தேடியது கடலை இல்லை. நாங்கள் இருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை இருக்கும்வரைதான் வீடு. சம்பளம் நிற்கும்போது கூரையும் போய்விடும். 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. தோட்டப்புறத்தில் அதனால் வீட்டைக் காலி செய்யும் நாள் ஐந்து வருடம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் எங்கள் வட்டாரத்தில்தான் போடப்பட்டது. பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபௌகோனியர் தொடங்கிய தென்னமரம் தோட்டம். பெயரைக் கேட்டாலே யார் கைபட்டது என்று தெரியும். நூறு வருடத்துக்கு மேலாகியும், மரம் நட்டவர்களின் வாரிசுகளுக்கு வீடு இன்னும் கேள்விக்குறி. வட சிலாங்கூரில் புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மேரி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருடங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். 245 வீடுகள் கட்டும் திட்டம் 2024 மே மாதம்தான் பிரதமர் அன்வார் முன்னிலையில் தொடங்கப்பட்டது. நாற்பது வயதில் கேட்கத் தொடங்கியவருக்கு அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும்.

படகுக் கணக்கு வீண்போகவில்லை. அந்தக் கேள்விகளை அப்படியே தரைக்குக் கொண்டுவந்தோம். எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும்? மருத்துவமனை, சந்தை, கோயில் மூன்றும் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். மாதா மாதம் எவ்வளவு குடிக்கும்? தவணை, வரி, பராமரிப்பு எல்லாம் சேமநிதியில் எத்தனை வருடம் தாங்கும்? ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரால் தனியாகச் சமாளிக்க முடியுமா? படிக்கட்டு இல்லாத வீடு என்று அம்மா உடனே சொல்லிவிட்டார். நான்காவதாக, பெயர் யாருடையது? பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய வீடுகள் பார்க்கிறோம். அப்பா போனதும் தண்ணீர்த் தொட்டியைத்தான் தட்டிப் பார்க்கிறார். வீடு அமைந்த பிறகு ஆற்றில் ஓட்ட ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மா அனுமதி கொடுத்திருக்கிறார், இரவுக்குள் வீடு திரும்பும் நிபந்தனையோடு.

உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ ஐம்பது வயதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளி யாராவது இருந்தால், இந்த வாரம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். வேலையின் கடைசி நாளுக்கு மறுநாள் இரவு எங்கே படுப்பீர்கள்? பதில் தெரியாவிட்டால், கணக்குப் போட இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது.